வாசனைப் பட்டறைக்குப் போகுமுன் ஒரு வரலாற்றுப் பாடம்



கம்பத்தில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். "சார், ஒருநாள் வாசனைத் திரவியப் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பிடித்துப்போனால் வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். அங்கே என்ன நடக்கும்?" என்று கேட்டிருந்தாள். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மேஜையில் சின்னச் சின்ன பாட்டில்கள் வரிசையாக இருக்கும் அம்மா. காகிதப் பட்டையில் நனைத்து முகரச் சொல்வார்கள். எலுமிச்சை, ஏலக்காய் போன்றவை முதலில் மூக்கில் ஏறிச் சீக்கிரம் பறந்துவிடும். மல்லிகையும் ரோஜாவும் நடுவில் நிற்கும். சந்தனமும் வெட்டிவேரும் கடைசிவரை தங்கும். இந்த மூன்று அடுக்கையும் சொட்டுக் கணக்கில் சேர்த்து, ஆல்கஹாலில் கலந்து கையில் கொடுப்பார்கள். அன்றைக்கே முகர்ந்து முடிவு கட்டாதே. சில வாரம் ஊறினால்தான் மணம் ஒன்றுசேரும்.

இந்தக் கலவை வேலை நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி தலைமுழுகும் நீரில் 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை ஊறியிருந்தன. முழுகிய கூந்தலை அகிற்புகையில் உலர்த்தினாள். 'பெர்ஃப்யூம்' என்ற சொல்லுக்கும் லத்தீனில் 'புகை வழியாக' என்பதுதான் மூலப்பொருள்!

6-ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினியின் வராகமிகிரர், பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். 16 பொருள்களில் 4-ஐத் தேர்ந்தெடுத்தால் 1820 கலவைகள் வரும் என்று கணக்கிட்டார். பிளஸ் ஒன் கணக்கில் சேர்வுகள் பாடம் படித்தீர்களே, அதேதான். அந்த நான்கையும் 1, 2, 3, 4 பங்காக மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொரு கலவைக்கும் 24 விதம். பெருக்கினால் 43,680.

ஆனால் மணத்தைக் கலப்பது வேறு, எடுப்பது வேறு. கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிறோமே பன்னீர், அது ரோஜா இதழைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்து வடித்தது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றும் செம்புப் பானையில் பூவைப் போட்டு, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இறக்கி, சந்தன எண்ணெயில் அத்தர் பிடிக்கிறார்கள்.

மல்லிகைக்கு இது சரிப்படாது. சூடு பட்டால் அதன் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, அதை ஆவியாக்கினால் மெழுகு போன்ற 'கான்கிரீட்' மிஞ்சும். அதை ஆல்கஹாலில் கழுவி எடுப்பதே 'அப்சல்யூட்'. 1000 கிலோ பிச்சிப் பூவுக்குச் சுமார் 3 கிலோ கான்கிரீட்தான். அப்சல்யூட் அதிலும் ஏறக்குறைய பாதி. நம் தமிழ்நாட்டிலேயே இந்த ஆலைகள் இருக்கின்றன. 1921-இல் பாரிசில் வந்த சேனல் நம்பர் 5 மல்லிகையோடு செயற்கை மணப்பொருளையும் சேர்த்தது. இன்று மலிவாகக் கிடைக்கும் 'மல்லிகை எண்ணெய்' பெரும்பாலும் செயற்கைதான். அதில் குற்றமில்லை, அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

ஆகவே அம்மா, ஒரு பயிற்சியை நம்பி வேலையை விடாதே. அங்கே கிடைப்பது கலவைப் பாடத்தின் முதல் பக்கம் மட்டுமே. விற்பனைக்குத் தயாரிக்க அழகுசாதனப் பொருளுக்கான உரிமமும் வேண்டும். முதலில் ஒரு நோட்டில் எந்தப் பொருள், எத்தனை சொட்டு, எத்தனை நாள் மணந்தது என்று எழுதிவை. லீவுக்கு வரும்போது நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டைப் போய்ப் பார். விலை விழுந்த நாளில் பூ விவசாயி முகத்தையும் பார். நம் ஊர்ப் பெண்கள் விடியக்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறார்களே, அவர்களிடமும் பேசு.

பயிற்சியில் ஒவ்வொரு பாட்டிலுக்கும், "இது எந்த ஊரிலிருந்து வருகிறது? பறித்தவருக்கு என்ன கிடைத்தது?" என்று கேள். பதில் தெரிந்த இடத்தில் கற்றுக்கொள். நாளைக்கு நீ கடை வைத்தால், உன்னிடம் கேட்பவருக்கும் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும்.

நலமே விளைக. அன்புடன், உங்கள் சார்.