சங்ககிரியில் இரண்டு தேதிகள்: தீரன் சின்னமலை நினைவுநாள் பற்றி ஒரு மறுவாசிப்பு

கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தம்பியரோடு தூக்கிலிடப்பட்ட நாளுக்கு இரண்டு தேதிகள் வழங்குகின்றன. அஞ்சல் துறை 2005 ஜூலை 31 அன்று தபால்தலை வெளியிட்டது, 1805 ஜூலை 31 என்ற தேதியை ஒட்டி. ஆனால் சங்ககிரி நினைவிடத்திலும் ஓடாநிலை மணிமண்டபத்திலும் மக்கள் திரள்வது ஆடி 18 அன்று. இப்போது அது ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வருகிறது.

இவ்விரண்டில் ஒன்றே சரியாக இருக்க முடியும், ஜூலை 31-ஐ ஏற்றால் நினைவுநாள் பின்னாளில் ஆடிப்பெருக்கு நாளான ஆடி 18-ஓடு ஒட்டவைக்கப்பட்டதாகும் என்றொரு வாசிப்பு உண்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வீரர்களின் சாவு திருவிழா நாளில் போய்ச் சேர்ந்துகொள்வது நாட்டார் நினைவின் இயல்பு. காவிரிக் கரையில் ஆடி 18-ஐவிடப் பெரிய நாள் எது?

ஆனால் இந்த வாசிப்பு இன்றைய நாட்காட்டியை 1805-க்குக் கொண்டுபோகிறது, பிழை அங்கேதான். வாக்கியப் பஞ்சாங்க முறையில் சூரிய ஆண்டு 365.2587 நாள், கிரிகோரி ஆண்டு 365.2425 நாள். ஆண்டுக்குச் சுமார் 23 நிமிடம் வித்தியாசம். ஏறக்குறைய 62 ஆண்டுக்கு ஒரு நாள். பின்னோக்கிக் கணக்கிட்டால் 1805-இல் தொடங்கிய குரோதன ஆண்டின் சித்திரை 1 ஏப்ரல் 11-இல் விழுகிறது. சூரியன் கடக ராசியில் புகும் கடக சங்கராந்தி ஜூலை 14 விடியலுக்கு முன் நிகழ்வதால் அன்றே ஆடி 1. ஆகவே ஆடி 18 என்பது 1805 ஜூலை 31, புதன்கிழமை. சூரிய சித்தாந்த முறையிலும் இதே நாள்தான் கிடைக்கிறது. இரண்டும் ஒரே நாள், முரண் இல்லை.

இதனால் மரபு மெய்ப்பிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாகாது. ஆடி 18 என்ற வழக்கிலிருந்தே ஆங்கிலத் தேதி கணித்து எடுக்கப்பட்டிருந்தால் நம்மிடம் இருப்பது ஒரே சாட்சி, இரண்டு உடுப்பில். இருபதாம் நூற்றாண்டில் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணித்தவர் ஆகஸ்ட் 2 என்றல்லவா எழுதியிருப்பார் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். எனினும் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் காலக்கணித நூல் 1911-இலேயே வந்துவிட்டது. அதன் அட்டவணை கையில் இருந்தால் ஜூலை 31-ஐ எடுப்பது கடினமல்ல. ஆகவே நான் சொல்லக்கூடியது இவ்வளவே: ஆடி 18-ஐப் பிற்சேர்க்கை என்று ஒதுக்க ஜூலை 31 உதவாது.

தேதியைப் போலவே, தூக்கிலிடத் தேர்ந்த இடமும் இங்கே கவனிக்கத்தக்கது. சின்னமலை போரிட்ட காவிரி மேற்குக்கரை 1799 வரை திப்புவிடம் இருந்தது. சங்ககிரியும் நாமக்கல்லும் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையிலேயே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டன. அலெக்சாண்டர் ரீடு வரி நிர்வாகத்தை நிறுவியதும் அப்போதுதான். ஆற்றுக்கு இப்பால், ஏழாண்டு முன்னதாகவே வசப்பட்ட மலைக்கோட்டையைக் கம்பெனி பாதுகாப்பு கருதியே தேர்ந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இதற்கு நேர்ச் சான்று இல்லை. நிலவரைபடமும் ஆண்டுகளும் தரும் ஊகமே.

நினைவிடப் பலகையில் “குரோதன ஆண்டு ஆடி 18 (1805 ஜூலை 31)” என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதே முறை. எது மூலம், எது பெயர்ப்பு என்பதை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கலெக்டர் கடிதத் தொகுதிகளில்தான் தேட வேண்டும். அதுவரை அந்த வினா திறந்தே இருக்கட்டும்.