வீட்டுப் பிரதியில் விழுந்த வெட்டு: அமெரிக்கக் குடும்பங்களும் டிவிடி வட்டும் (1998–2020)

முன்னுரை

விலை கொடுத்து வாங்கிய திரைப்பட வட்டில், பிள்ளைகள் பார்க்க வேண்டாமென்று பெற்றோர் கருதும் காட்சியை நீக்கிவிட்டுப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டா? அமெரிக்காவில், குறிப்பாக யூட்டா மாநிலத்தில், இந்தக் கேள்வி இருபதாண்டுகளுக்கு மேல் வீடியோ கடையிலும் வீட்டுக் கணினியிலும் காங்கிரஸிலும் நீதிமன்றத்திலும் விவாதிக்கப்பட்டது. இக்கட்டுரை அந்த வரலாற்றைப் படிப்படியாகத் தொடர்கிறது. டிவிடியின் வடிவமைப்பிலேயே குடும்பங்களுக்கென ஒரு வசதி இருந்தது. படநிறுவனங்கள் அதைப் பயன்படுத்தாமல் விட்ட இடத்தில்தான் வீட்டுக் கத்தரி நுழைந்தது. பின்னர் வந்த சட்டம், காட்சியைத் தாண்டிச் செல்லப் பெற்றோருக்கு உரிமை தந்தும், வெட்டிய பிரதியை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடாக் காலம்

அக்காலத்தில் யூட்டா மக்களில் பெரும்பகுதியினர் மார்மன் திருச்சபையைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். அத்திருச்சபையின் தலைவர் எஸ்ரா டாஃப்ட் பென்சன் 1986இல் இளைஞர்களிடம், 'ஆர்' தரச்சான்று பெற்ற படங்களைப் பார்க்க வேண்டாமென்று அறிவுறுத்தினார். அதே காலத்தில் படநிறுவனங்கள் தொலைக்காட்சிக்கும் விமானப் பயணிகளுக்கும் வெட்டிய வடிவங்களைத் தாங்களே தயாரித்துக் கொடுத்துவந்தன. கடையில் வாங்குவோருக்கு மட்டும் அந்த வடிவங்கள் கிடைக்கவில்லை.

1998 செப்டம்பரில் 'டைட்டானிக்' வீடியோ நாடாவாக வெளிவந்தது. யூட்டாவின் அமெரிக்கன் ஃபோர்க் ஊரில் இருந்த சன்ரைஸ் ஃபேமிலி வீடியோ என்ற கடை, வாடிக்கையாளர் சொந்தமாக வாங்கிய நாடாவைக் கொண்டுவந்தால், ஓவியம் வரையும் காட்சியில் வரும் நிர்வாணத்தை 5 டாலருக்கு வெட்டித் தருவதாக அறிவித்தது. அந்த வீடியோவை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம் ஆட்சேபித்தது. ஆனாலும் வாடிக்கையாளர் கூட்டம் குறையவில்லை. அந்தப் படம் 'ஆர்' தரத்தில் இல்லை, அதைவிட மிதமான 'பிஜி-13' தரத்தில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. படத்துறை தந்த சான்றும் வீட்டார் வைத்திருந்த அளவுகோலும் வேறுவேறாக இருந்தன.

வட்டும் பூட்டும்

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் தொழில்நுட்ப வரையறையில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்கென 1 முதல் 8 வரை நிலைகள் வகுக்கப்பட்டிருந்தன. ஒரு படத்தின் இரு வடிவங்களை ஒரே வட்டில் பதிக்கலாம். பெற்றோர் அமைத்துவைத்த நிலைக்கேற்ப, ஒரு காட்சியைத் தாண்டியோ மாற்றுக் காட்சியைக் காட்டியோ பிளேயரே படத்தை ஓட்டிச் செல்லும். இவ்வசதியுடன் வெளிவந்த வட்டுகளோ மிகச் சில.

படநிறுவனங்கள் அக்கறையோடு பயன்படுத்தியது அதே வட்டில் இருந்த பூட்டைத்தான். 40 பிட் சாவி கொண்ட சிஎஸ்எஸ் குறியாக்கம் வட்டின் உள்ளடக்கத்தைக் காத்தது. 1998இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிப்பட்ட பூட்டை உடைப்பதைத் தடைசெய்தது. வட்டை விலைக்கு வாங்கியவர் என்பதற்காக அது யாருக்கும் விலக்குத் தரவில்லை. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் பூட்டைத் திறந்தது. அதில் பங்குகொண்ட நார்வே சிறுவன் யோன் லேக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. நார்வே நீதிமன்றங்கள் 2003இல் அவரை விடுவித்தன. நியூயார்க்கில் நீதிபதி லூயிஸ் கப்லன் அதற்கு முன்பே, 2000 ஆகஸ்டில், '2600' என்ற இதழ் அந்நிரலை வெளியிடத் தடை விதித்திருந்தார்.

வீட்டு மேசையில் நடந்த படத்தொகுப்பு

தடை இருந்தும் இலவச மென்பொருள்கள் பரவின. டிவிடி டிக்ரிப்டர் வட்டின் பூட்டைத் திறந்து உள்ளடக்கத்தை வன்தட்டில் இறக்கித் தந்தது. டிவிடி ஷ்ரிங்க் 8.5 ஜிபி கொள்ளும் ஈரடுக்கு வட்டின் படத்தை 4.7 ஜிபி எழுதுவட்டில் அடங்குமாறு சுருக்கியது. சேமப்பிரதி எடுப்பதற்கென்றே எழுதப்பட்ட இக்கருவிகள் பெற்றோர் கையில் வெட்டுமேசையாக மாறின.

வெட்டும் முறை எளிமையானது. டிவிடி ஷ்ரிங்கின் மறுதொகுப்புப் பகுதியில் ஒரே படத்தை இருமுறை சேர்க்க வேண்டும். முதல் துண்டின் இறுதிச் சட்டகத்தை வேண்டாத காட்சிக்குச் சற்று முன்பும், இரண்டாம் துண்டின் தொடக்கச் சட்டகத்தை அக்காட்சி முடிந்த பின்பும் குறிக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் காட்சி மறைந்துவிடும், ஆனால் வட்டின் மெனுவும் உடன் போய்விடும். மெனுவை இழக்க விரும்பாதவர்கள் வாப்பிளாங்கர் என்ற கருவியால் அந்தப் பகுதியை மட்டும் வெற்றாக்கினார்கள்.

இதில் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. எம்பெக்-2 முறையில் ஒவ்வொரு சட்டகமும் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை வரும் முழுச் சட்டகத்தைச் சார்ந்தே இடையில் உள்ளவை உருவாகின்றன. மறுகுறியாக்கம் செய்யாமல் வெட்டினால் அந்த முழுச் சட்டகத்தில்தான் வெட்டு விழும். அதனால் ஒரு காட்சியை எடுப்பது எளிதாகவும் ஒரு வசைச் சொல்லை எடுப்பது கடினமாகவும் இருந்தது. ஒலியை அடக்கினாலும், படமாகவே பதிக்கப்பட்ட துணையுரையில் அதே சொல் நிற்கும். அதைத் தனியே நீக்க வேண்டியிருந்தது.

வட்டைத் தொடாத வழியும் ஒன்று உருவானது. எம்பிளேயர் என்ற பிளேயர் ஓர் எளிய உரைக்கோப்பைப் படித்துக்கொண்டு படத்தை ஓட்டும். கோப்பின் ஒவ்வொரு வரியிலும் தொடக்க நொடி, முடிவு நொடி, அடுத்து 0 அல்லது 1 என்ற எண் இருக்கும். 0 என்றால் தாண்டு, 1 என்றால் ஒலியை அடக்கு. படம் முழுதாக வட்டிலேயே இருக்கும், பார்வை மட்டும் மாறும். வெட்டிய பிரதிக்கும் தாண்டிய பார்வைக்கும் இடையிலான இந்த வேறுபாடே பின்னர் சட்டத்தின் எல்லைக்கோடானது.

கடைக்கு வந்த கத்தரி

வீட்டில் செய்ய நேரமோ திறமையோ இல்லாதவர்களுக்காக நிறுவனங்கள் தோன்றின. 2000இல் யூட்டாவில் தொடங்கிய கிளீன்ஃப்ளிக்ஸ் அவற்றுள் முதன்மையானது. வசைச்சொல், நிர்வாணம், பாலுறவு, கொடூர வன்முறை ஆகியவற்றை நீக்கி டிவிடி எழுதுவட்டுகளாக விற்றது, வாடகைக்கும் விட்டது. காட்சியை வெட்டுவதோடு நிற்காமல், அடக்கிய வசனத்தின் இடத்தில் சுற்றுப்புற ஒலியை நிரப்பியது, சில இடங்களில் படத்தின் மேல் மங்கலையோ கறுப்புப் பட்டையையோ போட்டது. வெட்டிய ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் அசல் வட்டை விலைக்கு வாங்கிவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை என்பது அதன் வாதம்.

2002 ஆகஸ்டில் கொலராடோவைச் சேர்ந்த கிளீன்ஃப்ளிக்ஸ் கிளை நிறுவனம் தானே முந்திக்கொண்டு, தன் தொழில் சட்டப்படியானதென அறிவிக்கக் கோரி வழக்குத் தொடுத்தது. ஸ்டீவன் சோடர்பெர்க் உள்ளிட்ட இயக்குநர்கள் எதிர்த்தரப்பில் நின்றார்கள். ஸ்டுடியோக்களும் வழக்கில் சேர்ந்தன.

2005ஆம் ஆண்டுச் சட்டமும் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

யூட்டாவின் கிளியர்ப்ளே நிறுவனம் வேறு வழியில் சென்றது. வட்டை வெட்டாமல், எந்த நொடியில் தாண்ட வேண்டும், எங்கே ஒலியை அடக்க வேண்டும் என்ற குறிப்புகளை மட்டும் அது பிளேயருக்குக் கொடுத்தது. பதிப்புரிமைப் பதிவாளர் மேரிபெத் பீட்டர்ஸ் 2004இல் காங்கிரஸ் குழுவின் முன், இருக்கிற சட்டப்படியே இது உரிமை மீறல் ஆகாது என்று கருத்துரைத்தார். இருந்தும் ஐயத்தைப் போக்க, குடும்பத் திரைப்படச் சட்டத்தை உள்ளடக்கிய மசோதா நிறைவேறியது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2005 ஏப்ரல் 27 அன்று அதில் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின் நிபந்தனைகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. மறைக்கும் பகுதி குறைந்த அளவினதாக இருக்க வேண்டும். வீட்டு உறுப்பினர் ஒருவரின் கையாலோ ஏவலாலோ அது நடக்க வேண்டும். வீட்டில் தனிப்பட்ட முறையில் பார்ப்பதற்காக இருக்க வேண்டும். அதிகாரபூர்வமான பிரதியிலிருந்து ஓட வேண்டும். மாற்றிய வடிவத்தின் நிலையான பிரதி எதுவும் உருவாகக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையே, அதே வழக்கில் இழுக்கப்பட்டிருந்த கிளியர்ப்ளேயை அதிலிருந்து விடுவித்து, கிளீன்ஃப்ளிக்ஸை வெளியே நிறுத்தியது. 2006 ஜூலை 6 அன்று நீதிபதி ரிச்சர்ட் மாட்ச், வெட்டிய வட்டுகளை நியாயமான பயன்பாடாக ஏற்க மறுத்து, தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தார். சொந்த வட்டைச் சொந்தப் பிள்ளைகளுக்காக வெட்டிக்கொண்ட பெற்றோர் அந்த வழக்கில் கட்சியாக இல்லை. ஆனால் அவர்கள் வைத்திருந்ததும் நிலையான பிரதிதான்.

வட்டிலிருந்து ஓடைக்கு

யூட்டாவின் வித்ஏஞ்சல் நிறுவனம் இதே கேள்வியை இணையத்துக்குக் கொண்டுசென்றது. டிவிடியை 20 டாலருக்கு வாடிக்கையாளருக்கு விற்றது. அவர் தேர்ந்த வடிகட்டிகளோடு படத்தை இணையம்வழி ஓட்டிக் காட்டியது. பார்த்து முடித்ததும் வட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. டிஸ்னி உள்ளிட்ட ஸ்டுடியோக்கள் 2016இல் வழக்குத் தொடுத்தன. பூட்டை உடைத்து எடுத்த பிரதி அதிகாரபூர்வமானது ஆகாது என்று ஒன்பதாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் கருதியது. 2019இல் ஜூரி 6 கோடியே 24 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2020இல் இரு தரப்பும் 99 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன.

ஸ்டுடியோவே முன்வந்தபோது நிகழ்ந்ததையும் பதிவுசெய்ய வேண்டும். 2017 ஜூனில் சோனி பிக்சர்ஸ் தன் படங்கள் 24க்குத் தொலைக்காட்சி, விமான வடிவங்களை விலைக்கு வாங்குவோருக்கும் சேர்த்துத் தருவதாக அறிவித்தது. இயக்குநர்கள் எதிர்த்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. சேமப்பிரதிக்கும் வடிவமாற்றத்துக்கும் பூட்டைத் திறக்க விலக்குத் தரும்படி எழுந்த கோரிக்கைகளும் 2012, 2015 ஆகிய ஆண்டுகளில் நிராகரிக்கப்பட்டன.

முடிவுரை

தன் படம் வெட்டுப்பட்டுச் சந்தையில் விற்கப்படுவதை எதிர்க்க இயக்குநருக்கு முழு உரிமை உண்டு. அந்த வகையில் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரியானதே. ஆனால் அந்த உரிமை கடையோடு நிற்க வேண்டும், வீட்டுக்குள் வரக் கூடாது. பணம் கொடுத்து வட்டை வாங்கி, விற்காமல், பிறருக்குக் கொடுக்காமல், தன் பிள்ளைகளுக்காக ஒரு காட்சியை நீக்கும் தாயையும் தந்தையையும் விற்பனைக்காரரோடு ஒரே தட்டில் வைப்பது நீதியன்று. காட்சியைத் தாண்ட அனுமதிக்கும் சட்டம், அதற்காக அவர்கள் சொந்த வட்டின் பூட்டைத் திறக்கவும் அனுமதிக்க வேண்டும். ஓடிடி யுகத்தில் வீட்டார் கையில் வட்டுகூட இல்லை, வடிகட்டியின் திறவுகோல் முழுவதும் நிறுவனங்களிடமே இருக்கிறது. 1996இல் டிவிடியை வடிவமைத்தவர்கள் அந்த எட்டு நிலைகளில் பெற்றோருக்கு ஒதுக்கிய இடத்தை இன்றைய ஓடிடி தளங்களும் ஒதுக்கியாக வேண்டும்.