திருநங்கை

திரு + நங்கை. மேன்மை பொருந்திய பெண்ணைக் குறிக்கும் பழைய சொல் நங்கை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அதற்கு அண்ணி, மருமகள் என்ற பொருள்களையும் தருகிறது. வீட்டுக்குள் உறவுமுறையாகப் புழங்கிய சொல், வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்குப் பெயராக வாய்த்ததில் எனக்குப் பெரிய நிறைவு. நங்கைக்கு இணையான ஆண்பாற்சொல் நம்பி என்பதால் திருநம்பி, இருவருக்கும் பொதுப்பெயர் திருநர்.

முன்பு கூவாகம் கூத்தாண்டவர் (அரவான்) மரபையொட்டி ‘அரவாணி’ என்றார்கள். 2008இல் தமிழக அரசு அமைத்த நலவாரியமும் அந்தப் பெயரையே தாங்கியது. அதே ஆண்டு விஜய் டிவியில் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியைத் திருநங்கை ஒருவரே நடத்தினார். சினிமாவோ வசைச்சொல்லையே நகைச்சுவையாக்கிக்கொண்டிருந்தது; 2015இல் ‘ஐ’ படத்தை எதிர்த்துத் திருநங்கைகள் போராட வேண்டிவந்தது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் மதிப்பான சொற்களின் பட்டியல் அரசிதழில் வெளியானது.

கர்நாடக எல்லையோரம் உள்ள அஞ்செட்டியில் தமிழோடு கன்னடமும் காதில் விழும். கன்னடத்தில் திருநங்கையரை ‘மங்களமுகி’ என்பார்கள். அதுவும் மரியாதைச் சொல்தான். ‘ஜோகதி’ வேறு, எல்லம்மா தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டவரைக் குறிப்பது. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற நாட்டுப்புறக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதி அதைத் தம் பெயரோடே வைத்திருக்கிறார்.