பின் சக்கரத்துக்கு வந்த அகலம்

1890களில் திட்டமிடப்பட்டு, 1898 பிளேக்குக்குப் பிறகு மளமளவென்று நிரம்பிய பெங்களூர்ப் பகுதி மல்லேஸ்வரம். சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும், அவற்றை நேர்கோணத்தில் வெட்டும் கிராஸ்களும் மாட்டுவண்டிக்கும் ஜட்காவுக்கும் போட்ட கணக்கு. இன்று அதே கிராஸ்களில் திரும்பும் சில கார்களின் பின் சக்கரங்கள் மட்கார்டின் விளிம்புவரை வெளியே தள்ளி நிற்கின்றன. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் உலோகத் தட்டைச் செருகினால் இந்தத் தோற்றம் கிடைத்துவிடும். இதை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு நியாயமாகாது. பின் சக்கரங்களை அகட்டிவைக்க ஒரு காலத்தில் உண்மையான தேவை இருந்தது. ஆனால் அந்தத் தேவையை உணர்ந்த தயாரிப்பாளர்கள் கைவைத்த இடம் ஆக்சில். தட்டு அந்த வேலையின் வெளித்தோற்றத்தை மட்டுமே தருகிறது என்பது என் வாதம்.

இதற்குச் சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. அங்கே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்புறம் ஸ்விங் ஆக்சில் கொண்டது. இருபுறமும் தனித்தனி ஷாஃப்ட். ஒவ்வொன்றும் உள்முனையில் மட்டும் மடங்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்புறம் மேலெழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும். பிடிமானம் திடீரென விட்டுப்போகும். ஹெரால்டை உருவாக்கிய பிரிட்டனின் டிரயம்ஃப் நிறுவனம், அதே அடித்தளத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயர் காரில் 1970இல் ஸ்பிரிங் பட்டையின் அமைப்பை மாற்றியது. 1973இல் ஷாஃப்டுகளையே நீளமாக்கிப் பின் சக்கர இடைவெளியை 2 அங்குலம் கூட்டியது. சென்னையில் 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் கார், ஸ்விங் ஆக்சிலையே கைவிட்டு ஒரே திட ஆக்சிலுக்கு மாறியது. வழிகள் வேறாயினும், இரண்டிலும் சக்கரமும் பேரிங்கும் ஒன்றையொன்று விட்டு விலகவில்லை.

இப்படி வண்டிக்குக் கைவைத்தியம் பார்க்கும் பழக்கம் இங்கே வேரூன்றியதற்குக் கார் பஞ்சமும் ஒரு காரணம். கார் தயாரிக்க அரசு லைசென்ஸ் தேவைப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் வாங்கக்கூடியவை ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கார்கள்தாம். தனக்கென ஒரு வண்டி வேண்டுமென்றால் கிடைத்ததைத் திருத்திக்கொள்வதே வழி. பெங்களூரில் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளும், சென்னைக்கு வடக்கே சோழவரம் விமான ஓடுதளத்தில் கையால் திருத்திய ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் ஓடிய பந்தயங்களும் அந்தத் திறமைக்குச் சோறு போட்டன. அந்தக் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் மாருதி 800ஐ வைத்துக் கணக்குப் பாருங்கள். முன் சக்கர இடைவெளி 1215 மி.மீ., பின்புறம் 1200. பின்னால் பக்கத்துக்கு 15 மி.மீ. தட்டு வைத்தால் 1230 ஆகும். கூடுவது நூற்றுக்கு இரண்டரை. வளைவில் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் பாரம் ஏறக்குறைய அந்த அளவுதான் குறையும். அதற்கு விலையாக, பேரிங்கிலிருந்து 15 மி.மீ. வெளியே தள்ளி ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் விழுகிறது. வீலைப் பிடிக்கும் மரைக் கம்பியான பழைய ஸ்டட்டிலேயே மாட்டும் தட்டானால் நட் பிடிக்க வேண்டிய மரையும் அதே அளவு பறிபோகிறது. முன்புறம் அகலமாக, பின்புறம் சற்றுக் குறுகலாக என்று தயாரிப்பாளர் வைத்த வரிசையும் தலைகீழாகிறது. நூறாண்டுக்கு முந்தைய நேர்கோணத் திருப்பங்களில் மெதுவாகத்தான் திரும்ப முடியும் என்பதால், அந்த இரண்டரையும் மல்லேஸ்வரத்தில் பயன்படப்போவதில்லை.

போர்ஷே 911 டர்போவில் ஆலையே பின் ஸ்பேசர் வைத்ததே என்று கேட்கலாம். வைத்தது உண்மை; ஆனால் ஹப், ஸ்டட் நீளம், வீலின் உள்வாங்கு அளவு எல்லாவற்றையும் தட்டோடு சேர்த்தே கணக்கிட்டு வைத்தது. தன் ஸ்டட்டுகளோடு வரும் தரமான தட்டுகள் மரைக் குறையைத் தீர்க்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பேரிங்கின் கூடுதல் சுமையை அவையும் தீர்க்கா. இன்னொரு வாதம் சட்டம் பற்றியது: பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் சக்கர இடைவெளி எழுதப்படவே இல்லை, பிறகு எது மீறல் என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டபோது, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களே அளவுகோலாயின. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்து, தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்றது. ஆர்.சி.யில் இல்லாவிட்டாலும், மாருதியின் 1200 மி.மீ. என்பது தயாரிப்பாளர் குறித்த அளவுதான்.