உணவு வங்கி: வர்த்தகரின் மிச்சம் பசித்தவரைச் சென்றடைவது எப்படி?

உலகின் முதலாவது உணவு வங்கி 1967 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரில் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவர் ஓய்வுபெற்ற வர்த்தகரான ஜோன் வான் ஹெங்கல். ஆனால் அந்த யோசனை அவருடையதல்ல.

ஏழைகளுக்கான உணவுக்கூடம் ஒன்றில் தொண்டராகப் பணியாற்றிய அவர், பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவரைச் சந்தித்தார். கடைகளின் பின்புறம் வீசப்படும் உணவை எடுத்தே அவர் பிள்ளைகளை வளர்த்தார். அந்த உணவு பழுதானதல்ல என்றும், பணத்தைப் போல உணவையும் வைப்பிலிட்டு, தேவையானபோது எடுக்க ஓர் இடம் வேண்டும் என்றும் அவர் கூறினார். புனித மரியாள் ஆலயம் பழைய கட்டடம் ஒன்றையும் 3,000 டொலரையும் வழங்க, 'சென். மேரிஸ் உணவு வங்கி' பிறந்தது. முதல் ஆண்டிலேயே 275,000 இறாத்தல் உணவு 36 தொண்டு அமைப்புகளுக்குப் பகிரப்பட்டது. இன்று அது அரிசோனாவின் 9 மாவட்டங்களுக்குச் சேவையாற்றுகிறது.

எவ்வாறு இயங்குகிறது?

உணவு வங்கி ஒரு மொத்தக் களஞ்சியம். திகதி முடியும் தறுவாயிலுள்ள பொருட்கள், நசுங்கிய தகரப்பேணிகள், பிழையான லேபல் ஒட்டப்பட்ட பொதிகள், விற்பனைக்கு அழகில்லாத மரக்கறிகள் ஆகியவற்றைச் சுப்பர் மார்க்கெட்டுகளும் உற்பத்தியாளர்களும் விவசாயிகளும் வழங்குகின்றனர். லொறிகளில் வந்து சேரும் அவற்றைத் தொண்டர்கள் பரிசோதித்துத் தரம்பிரிப்பர். பழுதானவை கழிக்கப்படும், இறைச்சி, பால் என்பன குளிரறைக்குச் செல்லும். பின்னர் ஆலயங்கள், உணவுக்கூடங்கள், ஊர் அமைப்புகள் ஊடாகக் குடும்பங்களைச் சென்றடையும்.

உணவு மட்டுமன்றி வாகனம், குளிரூட்டும் வசதி, நிதி என்பவற்றையும் வர்த்தகர்கள் வழங்குகின்றனர். ஊழியர்களைத் தொண்டுக்கு அனுப்பும் நிறுவனங்களும் உண்டு.

வர்த்தகர் ஏன் கொடுக்கிறார்?

இரக்கத்தோடு கணக்கும் இருக்கிறது. வீசுவதற்கும் செலவாகும். 1976 ஆம் ஆண்டின் சட்டம், உணவு நன்கொடை செய்யும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகையை அதிகரித்தது. கொடுத்த உணவால் எவருக்கேனும் சுகவீனம் ஏற்பட்டால் வழக்கு வருமே என்ற அச்சத்தை, நல்லெண்ணத்துடன் கொடுப்போரைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் தணித்தது. பிரான்சில் நிலைமை வேறு. அங்கு 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள், விற்கப்படாத உணவை வழங்கத் தொண்டு அமைப்புகளுடன் உடன்படிக்கை செய்ய வேண்டும் என 2016 இல் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயினும் நம்பிக்கையே அடித்தளம். கொடுத்த பொருள் மீண்டும் சந்தையில் விற்பனைக்கு வந்தால், அந்த வர்த்தகர் அடுத்த முறை கொடுக்கமாட்டார். ஆகவே எவ்வளவு வந்தது, யாருக்குச் சென்றது என்ற பதிவைக் கண்டிப்பாகப் பேணுகின்றனர்.

எல்லை எங்கே?

கடையில் மிஞ்சுவதும் குடும்பத்துக்குத் தேவையானதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பாணும் இனிப்பும் குவியும் நாளில் பால்மா இல்லாமற் போகலாம். வேலையும் போதிய ஊதியமும் இல்லாதபோது, பொதி தீர்ந்ததும் பசி திரும்பிவிடும். அரசின் கடமையை உணவு வங்கியின் தலையில் சுமத்த முடியாது.

வரிசையில் நிற்பவரின் மானமும் முக்கியம். அதனால் பல உணவு வங்கிகள், கட்டிய பொதியை நீட்டுவதற்குப் பதிலாக, கடையிற்போல விரும்பியதைத் தாமே தெரிந்தெடுக்க இடமளிக்கின்றன. அந்தத் தாய் கேட்டதும் பிச்சையை அல்ல, ஒரு வங்கியைத்தான்.