காலும் சக்கரமும்

வெள்ளவத்தையில் காலி வீதியின் ஓரத்தில், காலை ஏழு மணிக்குப் பின் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதிதன்று. கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலிருந்து வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் வருகின்றனர். பாமன்கடைப் பக்கத்திலிருந்து வேறு பிள்ளைகள் எதிர்த்திசையாக வருகின்றனர். இடையிலே வீதி, வீதியிலே ஓயாத ஊர்திகளின் ஓட்டம். மஞ்சட் கடவையில் ஒரு பிள்ளை ஒரு காலை முன்வைக்கும். பஸ் வண்டியொன்று ஒலியெழுப்பிக்கொண்டு பாயும். வைத்த காலைப் பிள்ளை பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். கோடுகளுக்கு இன்று பல இடங்களில் வெள்ளை வர்ணம் பூசப்பட்டிருப்பினும், மஞ்சட் கடவை என்னும் பெயர் நம் நாவில் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்த அளவுக்கு அதன் பொருள் நம் நெஞ்சில் நிலைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் அதிபராயிருக்கும் பாடசாலையின் மாணவி ஒருத்தி இத்தகைய கடவையொன்றில் மோட்டார் வண்டியால் மோதுண்டாள். கால் எலும்பு முறிந்தது. ஒரு தவணை முழுவதும் அவளுடைய இடம் வகுப்பில் வெறுமையாக இருந்தது. வண்டியைச் செலுத்தியவர் தீயவர் அல்லர். வைத்தியசாலைக்கு அவரே பிள்ளையைக் கொண்டு சென்றார், கண் கலங்கினார், "தெரியாமல் நடந்துவிட்டது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிறுமியோ என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்: "சேர், நான் மஞ்சட் கடவையிலேதானே போனேன்?" அன்று அவளுக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், 'தெரியாமல் நடந்தது' என்னும் அந்தச் சொல்லுக்கு வரலாறு என்ன விடை தந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அந்தத் தேட்டத்தின் பயனையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

முதல் விடை நம் தீவிலேயே கிடைக்கின்றது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்ட எல்லாள மன்னனைப் பற்றி மகாவம்சம் கூறும் வரலாறு யாவரும் அறிந்ததே. மன்னனுடைய மகன் திசா வாவிக்குத் தேரிற் செல்லும்போது, வழியில் தாய்ப்பசுவுடன் படுத்திருந்த கன்றின் கழுத்தில் தேர்ச்சக்கரம் ஏறியது, கன்று மாண்டது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதையும் நூல் மறைக்கவில்லை. எனினும், பசு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, மன்னன் அதே சக்கரத்தால் தன் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான். திருவாரூர் மனுநீதிச் சோழனைப் பற்றித் தமிழ்நாட்டில் வழங்கும் கதையும் இதுவே.

இக்கதையின் தொடர்ச்சியை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. பின்னர் ஒருநாள், எல்லாளன் சென்ற தேரின் நுகம் பௌத்த தூபியொன்றில் முட்டியது. அமைச்சர்கள் அதனை எடுத்துரைத்தவுடன், மன்னன் தேரினின்றும் இறங்கி வீதியிலே கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் துண்டிக்குமாறு பணித்தான். எவ்வுயிர்க்கும் தீங்கு செய்வதைப் புத்தபிரான் விரும்பார் என்று சொல்லி அவர்கள் தடுத்தனர். பெயர்ந்த கற்கள் பதினைந்து. அவற்றைத் திரும்பப் பதிப்பதற்கு மன்னன் செலவிட்டது பதினையாயிரம் கஹாபணம். தண்டனையின் கடுமையை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயின் அதன் அடியிலுள்ள நீதி ஊன்றி நோக்கத்தக்கது. சக்கரத்தின்மேல் இருப்பவன், 'தெரியாமல் நடந்தது' என்று சொல்லித் தப்ப முடியாது. தெரிந்துகொள்வதே அவனுடைய கடமை. இது தமிழ் மன்னனைப் பற்றிப் பாளி நூல் கூறும் செய்தி. இந்நாட்டின் இரு இனத்தாருக்கும் பொதுவான முதுசொம்.

அந்நீதி நகர வீதிகளில் எவ்வாறு மறைந்தது? மோட்டார் வண்டி வருவதற்கு முன்னர் வீதி என்பது நடப்பவருடையதாகவே இருந்தது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்கள் அக்காலத்து அளவைக்கு அமைந்தவை. மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் சென்றன. ஆயினும் அவற்றின் வேகம் மனிதனுடைய வேகத்தை மிகுதியும் விஞ்சவில்லை. 1899-ஆம் ஆண்டில் மின்சார டிராம் வண்டி கொழும்புக்கு வந்தது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கும் பொரளைக்கும் ஓடிய அவ்வண்டி, 1960-ஆம் ஆண்டில் ஓட்டம் நிறுத்தப்படும் வரை நகரின் ஓர் அங்கமாக விளங்கியது. டிராம் பெரியதுதான், ஆனால் தண்டவாளத்தை விட்டு விலகாதது. சக்கரம் எங்கே உருளும் என்பதை வீதியில் நடப்பவன் கண்ணாலேயே அறிந்துகொள்ளலாம். மோட்டார் வண்டிக்கோ தண்டவாளமில்லை. அது வீதியின் எப்பகுதிக்கும் வரலாம். ஆகவே எப்பகுதியிலும் நடந்த மனிதன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான்.

இந்நிலை நம் நகருக்கு மட்டும் உரியதன்று. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17-ஆம் நாள், லண்டன் நகரின் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கொல் என்னும் மாது மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியால் உயிரிழந்த முதற் பாதசாரி அவரே. விபத்தினால் நேர்ந்த மரணம் என்று விசாரணை முடிவாயிற்று. வண்டியோட்டியவர்மீது வழக்கு எழவில்லை. எல்லாளனுடைய தராசு அன்று மறுபக்கம் சாய்ந்தது எனலாம்.

அமெரிக்காவில் அது மேலும் சாய்ந்தது. வீதியை நினைத்த இடத்தில் கடப்பவனைப் பட்டிக்காட்டான் என்று பரிகசிக்கும் சொல்லொன்று அங்கு வழக்கிற்கு வந்தது. மோட்டார் வண்டித் துறையினர் அதனைப் பரப்பினர். 1925-ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலஸ் நகரம் இயற்றிய போக்குவரத்து விதிகள், பாதசாரி குறித்த இடத்தில் மட்டுமே கடக்கவேண்டும் என வரையறுத்தன. ஏனைய நகரங்களும் அதனைப் பின்பற்றின. முன்னர், வண்டியோட்டுபவன் ஏன் நிறுத்தவில்லை என்று ஊரார் கேட்டனர். பின்னர், நடந்தவன் ஏன் அங்கே நடந்தான் என்று கேட்கலாயினர். ஒரு கேள்வி மாறியதால் ஒரு நூற்றாண்டின் வீதி ஒழுக்கமே மாறிற்று.

பிரித்தானியாவில் 1934-ஆம் ஆண்டில் மட்டும் 7,300-க்கு மேற்பட்டோர் வீதியில் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பாதசாரிகள். அவ்வாண்டிலேதான், ஹோர்-பெலிஷா என்னும் போக்குவரத்து அமைச்சர், கடவைகளின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கம்பங்களின்மேல் செம்மஞ்சள் உருண்டைகளை நாட்டுவித்தார். கடவை இருக்குமிடம் சாரதியின் கண்ணுக்கு நன்கு புலப்படாமையால், 1951-ஆம் ஆண்டு ஒக்டோபரில் வரிக்குதிரைக் கோடுகள் வீதியிலேயே தீட்டப்பட்டன. நம் நாட்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1951-ஆம் ஆண்டிலேயே பிறந்தது.

ஒல்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,300 பேர் வீதி விபத்துக்களில் இறந்தனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் வீதியில் இறங்கினர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அவ்வியக்கத்தின் பெயர். இன்று அந்நாட்டில், மோட்டார் வண்டியால் நடப்பவருக்குத் தீங்கு நேர்ந்தால், தவிர்க்கவே இயலாத நிகழ்ச்சியென்று வண்டிக்காரர் நிறுவினாலன்றி, இழப்பீட்டுப் பொறுப்பு அவர் பக்கத்திலேயே சாரும். காயமுற்றது பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையாயின், பிள்ளையின் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கவும் பொதுவாக இடமில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், கொடுந்தண்டனையின்றி, எல்லாளனுடைய நீதி வேறொரு கண்டத்திலே சட்டமாயிற்று.

இனி நம் வீதிக்குத் திரும்புவோம். இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் உயிரிழக்கின்றனர். அவர்களுள் காற்பங்குக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். நம்மவர்க்கு வழிவிடத் தெரியாது என்று சிலர் சலித்துக்கொள்வர். அது உண்மையன்று. கதிர்காம யாத்திரைக்குக் கொள்ளைநோய்க் காலத்தில் தடை நேர்ந்தபோது கொழும்பிலேயே தொடங்கியது என்பர் ஆடிவேல் விழாவை. 1874-ஆம் ஆண்டு தொடங்கிய அவ்விழாவில், செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாக வேல் வரும்போது, அவசரமில்லாத சாரதி எவரும் இல்லை. ஆயினும் அனைவரும் நிற்கின்றனர். ஜூன் 13-ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவிலும் அவ்வாறே. ஒலியெழுப்பித் தேரை விரட்டுவார் இல்லை. நிற்கத் தெரிந்த கைகளே நம் சாரதிகளுடைய கைகள். தேரிலே தெய்வத்தைக் காண்பவர்கள், கடவையிலே நிற்கும் பிள்ளையிடத்து எதனைக் காண்கிறார்கள் என்பதே கேள்வி.

அக்கேள்வியை நான் பிறரிடம் மட்டும் கேட்கவில்லை. அந்தச் சிறுமி ஊன்றுகோலுடன் பாடசாலைக்குத் திரும்பிய அதே வாரத்தில், கொட்டாஞ்சேனையில் என் வண்டியைச் செலுத்திச் சென்றேன். கடவையில் முதியவர் ஒருவர் குடையுடன் நின்றார். கூட்டமொன்றுக்கு நேரமாகிவிட்டதென்று நான் நிறுத்தாமற் சென்றேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் அங்கேயே நின்றார். எனக்குப் பின்னால் வந்த வண்டியும் நிற்கவில்லை. அவரை நான் மோதவில்லை. சட்டம் என்னைத் தேடி வரவுமில்லை. எனினும், தெரியாமல் நடந்தது என்று சொல்வதற்குக்கூட எனக்கு வழியில்லை. தெரிந்தே நடந்தது.

அதுவரை ஒவ்வொரு காலைக் கூட்டத்திலும் பிள்ளைகளுக்கே புத்தி சொல்லி வந்தேன்: இருபுறமும் பாருங்கள், ஓடாதீர்கள், விழிப்பாயிருங்கள். அப்புத்திமதி வேண்டியதுதான். ஆனால் வலிமையற்றவனுக்கு மட்டும் புத்தி சொல்லி வலியவனை விட்டுவிடுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், வண்டி ஓட்டும் தந்தையரையும் தாய்மாரையும் நோக்கிப் பேசினேன். என் தவற்றையும் அவர்களிடம் ஒப்புக்கொண்டேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு தந்தை எழுந்து, "நானும் நிறுத்துவதில்லை, ஐயா" என்றார்.

சிறுமியின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடையுண்டு. ஆம் பிள்ளாய், நீ மஞ்சட் கடவையிலேதான் சென்றாய், தவறு உன்னுடையதன்று. நேயர்களே, நாளைக் காலை உங்களுள் ஒருவர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வண்டி செலுத்திச் செல்லும்போது, கடவையின் ஓரத்தில் ஒரு சிறு கால் முன்வைக்கப்படுவதைக் காணலாம். அக்காலைப் பின்னுக்கு இழுக்கச் செய்யாதீர்கள்.