ஒரு படம், இரு முதற்காட்சிகள்

ஒரு திரைப்படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர், தாம் வாழுங் காலத்தையும் உடன்கொண்டே அரங்கினுட் புகுகின்றார். ‘கசபிளங்கா’ என்னும் அமெரிக்கக் காதற்படத்தின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும்.

1942ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி நியூயோர்க் நகரத்து ஹொலிவூட் படமாளிகையில் அப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதற்குப் 18 நாட்களுக்கு முன்னரே நேசநாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் இறங்கியிருந்தன. கசபிளங்கா என்னும் மொரொக்கோத் துறைமுகத்தின் பெயர் நாளிதழ்கள்தோறும் அடிபட்ட வேளை அது. படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனத்தார் அவ்வாய்ப்பை நழுவவிடாது முதற்காட்சியை விரைவுபடுத்தினர்.

கதை எளியது. பாரிஸ் நகரிற் காதலித்துப் பிரிந்த ஒருவனும் ஒருத்தியும் கசபிளங்காவில் மீண்டுஞ் சந்திக்கின்றனர். அவளோ, நாஸிகளை எதிர்த்துப் போராடும் வீரனொருவனின் மனைவி. தப்பிச் செல்வதற்குரிய அனுமதிப் பத்திரங்கள் இரண்டே உள. ஈற்றில் காதலன் தன் விருப்பத்தைத் துறந்து, அவளைக் கணவனுடன் விமானமேற்றி அனுப்பிவிடுகின்றான். மைக்கல் கேர்ட்டிஸ் நெறிப்படுத்திய இப்படத்தில் ஹம்பிரி போகார்டும் இங்கிரிட் பேர்க்மனும் காதலராக நடித்தனர்.

படம் முடிந்து எழுந்தபோது முதற்காட்சியைக் கண்டோர் கதையின் முடிவை அறிந்திருந்தனர். போரின் முடிவை அறிந்தாரில்லை. பாரிஸ் அன்று ஜேர்மனியரின் பிடியில் இருந்தது. அதன் விடுதலைக்கு இன்னும் 21 மாதங்கள் செல்லவேண்டியிருந்தது. அமெரிக்க இல்லங்களிலிருந்து கணவரும் மைந்தரும் போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்தனர். விமானநிலையத்துப் பிரிவு அத்தகையோருக்கு வெறுங் கதையாக இருந்திருத்தல் அரிது.

திரையிற் தோன்றியோர் சிலருக்கும் அது வெறுங் கதையன்று. மதுச்சாலையில் ஜேர்மன் அதிகாரிகள் பாடும் பாட்டை அமிழ்த்தி, மக்கள் பிரான்சின் தேசிய கீதத்தை முழங்கும் காட்சியொன்று உண்டு. அதிற் கண்ணீர் மல்கப் பாடும் மடலீன் லெபோ, 1940இல் தம் கணவரான நடிகர் மார்செல் டாலியோவுடன் பாரிஸை விட்டு ஓடி, லிஸ்பன் வழியாக அமெரிக்கா சேர்ந்தவர். நாஸி அதிகாரியாக நடித்த கொன்ராட் வைட்டோ, 1933இல் யூத மனைவியுடன் ஜேர்மனியைத் துறந்தவர்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1952இல் மேற்கு ஜேர்மன் மக்கள் அப்படத்தை முதன்முறையாகக் கண்டனர். ஆனால் அவர்களுக்குக் காட்டப்பட்டது வேறொரு படம். ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன. நாஸி அதிகாரி மறைந்தார். தேசிய கீதக் காட்சியும் மறைந்தது. போராட்ட வீரன் நோர்வேயின் விஞ்ஞானியாக மாற்றப்பட்டான். எஞ்சியது காதல் மட்டுமே. முழுப்படத்தை ஜேர்மன் மொழியிற் காண அந்நாட்டார் 1975 வரை காத்திருக்க நேர்ந்தது.

இரு முதற்காட்சிகளிலும் காதலன் காதலியை அனுப்பிவிடுகின்றான். எனினும் நியூயோர்க்கில் அமர்ந்திருந்தோர் அவன் ஏன் துறந்தான் என்பதை உணர்ந்தனர். 1952இல் ஜேர்மனியில் அமர்ந்திருந்தோருக்கு அவன் துறந்தது மட்டுமே காட்டப்பட்டது. கொடுமையின் பெயரைச் சொல்லக் கூசிய கத்தரிக்கோல், அதனை எதிர்த்து நின்ற காதலின் பெருமையையும் சேர்த்தே வெட்டிவிட்டது.